நீங்கள் கருக்கிய பூக்கச்சான்

இன்று காலை கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபோது ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. புல்லு மருந்து. மூக்கில் ஏறியதும் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். கீழே இருக்கிற மிளகுத் தோட்டத்தில் ஒரு ஆள் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்க! காத்து இந்தப் பக்கம் அடிக்குது!” என்று கத்தினேன்.

“மிளகுக்குக் கீழ இருக்கிற புல்லுக்குத்தான் அடிக்கிறேன்மா. ஒங்க வேலிக்கு வராது.”

“வராதுன்னு நெனச்சித்தான் ஒரு தரம் வந்திச்சு. நிப்பாட்டுங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வேலியோரமிருந்த இரண்டு வரிசையை விட்டுவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டார். அவர் தலை மறையும் வரைக்கும் முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு காவல் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் கேத்தலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, அடி பிடித்துப் புகைகிறது. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, ராத்தா. அதோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் மௌத்தாகி மூன்று வருஷமாகிறது. மௌத்தானவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் பேச வேண்டும் என்பார்கள். நான் உங்களைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உங்களிடமே பேசுகிறேன். அதற்கு யாரும் தடை போட்டதாக எனக்குத் தெரியாது. முப்பது வருஷம் தபால் கந்தோரில் இருந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தியவள், ஒரு கடிதம் எனக்காக எழுதிக்கொள்ளக் கூடாதா?

கூடப் பிறந்த அக்காவாக இல்லாவிட்டாலும் உங்களை ராத்தா என்றுதான் கூப்பிட்டேன். ரத்தோட்டை ரோட்டிலிருந்து ஏறிவருகிற அந்தச் சரிவில் மேல்வீடு உங்களுடையது, கீழ்வீடு என்னுடையது. நடுவில் பதின்மூன்று படி. படிக்கு இந்தப் பக்கம் என் சமையலறைக்குப் பின்னால் நிற்கிற மண்மேடு. மழைக்காலம் வந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து என் பின்வாசலுக்கு வரும். உங்கள் முற்றமோ ஒரு புல் இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். காலை ஆறு மணிக்கு உங்கள் ஈர்க்குமாறு சத்தம் கேட்டுத்தான் நான் அடுப்புப் பற்றவைப்பேன். பெருக்கிப் பெருக்கி உங்கள் வாசற்படியின் அத்திவாரக் கல்லே வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது. பெருக்கிய மண்ணெல்லாம் எங்கே போனது என்று நீங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. அது என் பக்கம்தான் வந்தது.

அந்த மேட்டில் நான் என்னென்னவோ வைத்துப் பார்த்தேன். வல்லாரை வைத்தேன், வெயிலில் வாடிப்போனது. புல் பதித்தேன், அதை உங்கள் கோழி கிளறியது. பிறகு ஒருநாள் கண்டி ரோட்டில் இருக்கிற ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு, வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவும் ஏலமும் காட்டுவார்களே, அங்கே என்னைக் கட்டிய மனிசனோடு போயிருந்தேன். மிளகுக் கொடிகளுக்கு அடியில் தரை முழுக்க ஒரு பச்சை. நிலக்கடலை, நம் கச்சான் இலை மாதிரி இலை. அதற்கு மேலே விரல் நக அளவில் மஞ்சள் பூ. வேலை செய்கிறவர்கள் அதை மிதித்துக்கொண்டே நடக்கிறார்கள், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்தவர் இங்கிலீஷில் ஏதோ பெயர் சொன்னார், எனக்கு வாயில் நுழையவில்லை. “காய் காய்க்குமா?” என்று கேட்டேன். “காய்க்கிறதுக்கு இல்லம்மா, மண்ணப் புடிச்சி வெக்கிறதுக்கு” என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரு கைப்பிடிக் கொடியை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பூக்கச்சான் என்று அதற்குப் பெயர் வைத்தது நீங்கள்தான். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நான் அதை வளர்த்த விதம் உங்களுக்குத் தெரியும். மேலேயிருந்து கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தீர்களே. நாலு கணு இருக்கிறமாதிரிக் கொடியைக் கிள்ளி, இரண்டு கணுவை மண்ணுக்குள்ளும் இரண்டை வெளியிலும் விட்டு, ஒரு சாண் இடைவெளியில் படுக்க வைத்து அமுக்கினேன். மழை தொடங்கி மண் நனைந்த பிறகுதான் நட்டேன். முதல் ஆறு மாதம் அது ஒன்றுமே செய்யவில்லை. கந்தோரிலிருந்து வந்து, உடுப்பை மாற்றாமல்கூட, குந்தியிருந்து நடுவில் முளைக்கிற களையை விரலால் பிடுங்கினேன். இரண்டாம் வருஷம் ஓடத் தொடங்கியது. எந்தக் கணு மண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் வேர். மாசி மாதத்து வெயிலில் சோர்ந்து கிடக்கும், செத்துவிட்டதென்று நினைப்பேன், ஒரு மழை பெய்தால் எழும்பிவிடும். பொழுது சாயும்போது இலைகளை மடித்துக்கொள்ளும். உயரமாக வந்தால் கத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும், அப்போதுதான் பூ அதிகம். நாலாம் வருஷம் மேட்டில் ஒரு சாண் மண் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த வருஷ மழைக்கு என் பின்வாசலுக்கு வந்தது வெறும் தண்ணீர். தெளிந்த தண்ணீர், ராத்தா. நான் அதைக் கையில் ஏந்தி என் மனிசனுக்குக் காட்டினேன்.

“புள்ள, மேட்டக் காடாக்கி வெச்சீக்கியே, பாம்பு வந்து மெத்தை போட்டுப் படுக்கும்” என்பீர்கள். ஆனாலும் ஆசை உங்களை விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை படியில் உட்கார்ந்து கேட்டீர்களே, எனக்கு அது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

“புள்ள, நாளைக்கு நீ கந்தோருக்குப் போன பொறகு நான் வந்து ஒரு கொடி களவெடுக்கப் போறேன். இப்பவே பொறுத்து ஹலாலாக்கிரு.”

“கேட்டா நானே தருவேனே, ராத்தா.”

“கேட்டு வாங்கினா புடிக்காது. களவெடுத்து வெச்சாத்தான் செடி புடிக்கும், ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப களவெடுங்களேன்.”

“ஹராமாப் போயிருமே! நாளைக்கு அல்லாஹ்கிட்ட யாரு பதில் செல்ற? அதுக்குத்தான் முன்னுக்கே கேக்குறேன்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிட்டேன், நல்லாக் களவெடுங்க” என்றேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல், கந்தோருக்குப் போகவில்லை. நீங்கள் அதை அறியாமல், ஒரு பேசினை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, குனிந்து குனிந்து படியிறங்கி வந்தீர்கள். இரண்டு பக்கமும் பார்த்தீர்கள். ஒரு கொடியைப் பறித்துப் பேசினில் போட்டுவிட்டு ஓடினீர்கள், அந்த உடம்போடு. நான் திரைச்சீலைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த காய்ச்சல் வேறில்லை.

அந்தக் கொடி உங்கள் முற்றத்தில் வேர் பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்கும்? கணு மண்ணைத் தொட்டு வேர் விடுவதற்குள் ஈர்க்குமாறு வந்து அதை இழுத்துப் போட்டுவிடும். மூன்று தரம் களவெடுத்தீர்கள், மூன்று தரமும் முன்கூட்டியே ஹலால் கேட்டீர்கள், மூன்று தரமும் பெருக்கித் தள்ளினீர்கள். “ஒன் கைராசி எனக்கு இல்ல புள்ள” என்று அங்கலாய்த்தீர்கள். பெருக்காதீர்கள் என்று நான் சொன்னால், “அப்ப வூடு வூடு மாதிரி ஈக்காதே” என்பீர்கள்.

இதையெல்லாம் நான் ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரு கைப்பிடிக் கொடிக்கு என்னிடம் ஹலால் கேட்டவர் நீங்கள். அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கலேவெலையிலிருந்து என் தங்கச்சி பரீதா வந்தாள். எனக்குப் பிள்ளையில்லை. உம்மாவும் வாப்பாவும் போன பிறகு இரத்த சொந்தம் என்று இருந்தது அவள் ஒருத்திதான். பின்வாசலில் நின்று மேட்டைப் பார்த்து வாயைப் பிளந்தாள். “என்ன இது, பாய் விரிச்ச மாதிரி ஈக்கி! எங்கட பக்கம் இப்பிடி ஒண்டக் கண்டதே இல்லையே!” என்றாள். அப்போது நீங்களும் படியில் நின்றீர்கள். அழகான ஒன்றைப் பார்த்தால் மாஷா அல்லாஹ் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கண்ணூறு பட்டுவிடும் என்று நம் வீடுகளில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பரீதா சொல்லவில்லை. வாய் ஓயாமல் பேசுகிறவள், மறந்துவிட்டாள். அது எனக்கு அப்போது தட்டுப்படவேயில்லை. உங்களுக்குத் தட்டுப்பட்டிருக்கிறது.

அடுத்த கிழமை நடுவில், மேட்டின் மேல்விளிம்பு மஞ்சளானது. பூவின் மஞ்சள் அல்ல, நோயாளியின் கண்ணில் வருகிற மஞ்சள். இலை சுருண்டது. தண்ணீர் ஊற்றினேன். சாம்பல் தூவினேன். ஒவ்வொரு நாளும் அது கீழே இறங்கியது. பத்தாம் நாள் மேடு முழுக்கக் கருகி, கையால் தொட்டால் நொறுங்கியது. நாலு வருஷம். நான் படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். நீங்கள் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

“என்ன நடந்திச்சு ராத்தா? ஏன் இப்பிடி?” என்று உங்களைத்தான் கேட்டேன்.

நீங்கள் கருகிய ஒரு கொடியை எடுத்து விரலால் நொறுக்கினீர்கள். பிறகு, “கண்ணூறு புள்ள” என்றீர்கள்.

“யாருட கண்ணு?”

“அன்னைக்கு வந்து பாத்தது யாரு? மாஷா அல்லாஹ்கூடச் செல்லலையே அவ.”

அவ்வளவுதான். உங்கள் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வரி.

நான் படித்தவள், கந்தோரில் வேலை செய்தவள், நாலு வருஷம் அந்தச் செடியோடு குடும்பம் நடத்தியவள். மேடு மேலிருந்து கீழாக, ஓரத்தில் நேர்கோடு போட்டமாதிரிக் காய்ந்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். கண்ணூறு அடிமட்டம் வைத்துக் கோடு கீறியா விழும்? அதை யோசிக்க எனக்குப் புத்தியில்லை. ஏனென்றால் சொன்னது நீங்கள். அன்று பின்னேரமே பரீதாவுக்குப் போன் எடுத்தேன். “ஒன் கண்ணு பட்டுத்தான் எல்லாம் போச்சு. இனி என் வாசல மிதிக்காத” என்றேன். அவள், “நான் பூவத்தானே பாத்தேன்” என்றாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

அதோடு நீங்கள் விட்டீர்களா? பள்ளிவாசல் லெப்பையிடம் ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கிக்கொண்டு வந்து, உங்கள் கையாலேயே மேட்டில் தெளித்தீர்கள். பிஸ்மி சொல்லித் தெளித்தீர்கள். நான் பக்கத்தில் நின்று ஆமீன் சொன்னேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

அந்த வருஷம் நவம்பர் மழையில் வெறும் மேடு இடிந்து என் சமையலறைக்குள் வந்தது. அடுப்பு மட்டத்துக்குச் சேறு. மண்வெட்டியோடு முதலில் வந்தது நீங்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு நாள் என்னோடு சேறு அள்ளினீர்கள். உங்கள் உள்ளங்கை கொப்பளித்துப்போனது. நான் அதில் எண்ணெய் தடவிவிட்டேன். அப்போது என் மனதுக்குள் என்ன நினைத்தேன் தெரியுமா? கூடப் பிறந்தவள் கண்ணால் கெடுத்தாள், பிறவாதவள் கையால் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். உங்களுக்காகக் கையேந்தி நான் துஆச் செய்தேன். அந்த துஆவைத் திருப்பிக் கேட்கமுடியுமென்றால் இப்போதே கேட்பேன்.

ஆறு வருஷம் பரீதா என் வாசலுக்கு வரவில்லை. என் மனிசன் மௌத்தான அன்று மட்டும் வந்தாள். பெண்கள் இருந்த அறையில் கதவோரமாக உட்கார்ந்து, யாஸீன் ஓதி முடித்து, என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனாள். என் பக்கத்தில் இருந்தது நீங்கள். என் தோளைச் சுற்றிக் கையைப் போட்டிருந்தீர்கள். அவள் எழும்பிப் போனதை நீங்களும்தான் பார்த்தீர்கள். அப்போதாவது உங்கள் வாய் திறந்திருக்கலாம். ஒரு சொல். என்னைக் கட்டிப்பிடித்திருந்த கையை எடுக்காமலேயே என் காதில் சொல்லியிருக்கலாம்.

அதற்கும் பிறகு நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். இரண்டு மாதம் காலையும் மாலையும் பதின்மூன்று படி ஏறி வந்து கஞ்சி பருக்கினேன். தலை வாரினேன். கடைசிக் கிழமையில் என் கையைப் பிடித்து, “பொறுத்துக்க புள்ள” என்றீர்கள். “என்னத்த ராத்தா பொறுக்கிற, ஒண்டுமில்லையே” என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நீங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் உங்கள் மகன் பெண்கள் பக்கம் வந்து கேட்டான். “உம்மா யாருக்காவது ஏதும் குறை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிருங்க.” எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாக, “ஹலாலாக்கிட்டோம் மகன்” என்றது நான்தான்.

மூன்றாம் நாள் அவன் தனியாக என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. என்னைச் சின்னம்மா முறை வைத்துச் சாச்சி என்றுதான் கூப்பிடுவான், உங்களுக்குத் தெரியும்.

“சாச்சி, உம்மா ஒரு விஷயம் செல்லச் சென்னா. மௌத்தான பொறகு செல்லச் சென்னா.”

“என்ன மகன்?”

“அந்தப் பூக்கச்சான்... அது கண்ணூறு இல்ல. என்ட தங்கச்சிட கல்யாணத்துக்கு வேன் நிப்பாட்ட எடம் வேணுமிண்டு, மேல வெளிம்பில புல்லுக்கு மருந்தடிக்க உம்மா ஆள் புடிச்சா. அவன் கீழ மேடு முழுக்க அடிச்சிட்டுப் போயிட்டான். நீங்க கந்தோரில. உம்மா பயந்துட்டா. நீங்க அழுதத்தக் கண்டு வாய் தவறிச் சென்னத, பொறகு மாத்திச் செல்ல ஏலாமப் போச்சாம். அதுக்கு நீங்க ஹலாலாக்கித் தரணும், சாச்சி.”

நான் அடுப்பங்கரைக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். “குடிச்சிட்டுப் போங்க மகன்” என்றேன். அவன் குடித்துவிட்டு நின்றான். “சாச்சி?” என்றான். “மழை வரப்போகுது, நனையாமப் போங்க” என்றேன்.

நாற்பதாம் நாள் வந்தான். ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் வந்தான். அவன் வருகிற ஒவ்வொரு தரமும் தேத்தண்ணி கொடுத்தேன், பிஸ்கட் கொடுத்தேன், ஒருநாள் வட்டிலப்பம்கூடக் கொடுத்தேன். அதை மட்டும் கொடுக்கவில்லை. “அன்னைக்கே ஹலாலாக்கிட்டேன்னு சென்னீங்களே” என்று ஒருதரம் வாதாடினான். எதற்கென்று தெரியாமல் கொடுத்தது கொடுத்ததாகாது என்றேன். பார்சலுக்குள் என்ன இருக்கிறதென்று எழுதாமல் அனுப்பினால் நான் முத்திரை குத்துவேனா?

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து அடித்ததை நான் எப்போதோ விட்டுவிட்டேன். ஆள் பிழை செய்தான், மேடு கருகியது, அது போகட்டும். மண் சரிந்து என் அடுப்பை மூடியதையும் விட்டுவிடுவேன். உங்கள் நாக்கை விடமாட்டேன். அந்த இரண்டு வரியை விடமாட்டேன். ஆறு வருஷம் என் சோற்றைத் தின்று, என் தலையணையில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களே, அதை விடமாட்டேன். உயிரோடு என் முகத்தைப் பார்க்கத் துணியாமல், மண்ணுக்குள் பத்திரமாகப் போய்ப் படுத்துக்கொண்டு, பெற்ற பிள்ளையைத் தூது அனுப்பினீர்களே, அதை விடவேமாட்டேன்.

உண்மை தெரிந்த மறுநாளே கலேவெலைக்கு பஸ் ஏறினேன். பரீதா வாசலில் உழுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, “நான் எப்பவோ ஹலாலாக்கிட்டேன், உள்ளுக்கு வாங்க” என்றாள். ஒரு மூச்சில். சோறு போட்டாள். பிள்ளைகளின் படம் காட்டினாள். பஸ் நிலையம் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். அதோடு சரி. நான் போன் எடுத்தால் பேசுவாள், அவளாக எடுக்கமாட்டாள். பெருநாளைக்கு வா என்றேன், வேலை என்றாள். அவளிடம் கோபம் ஒரு துளியும் இல்லை. கோபம் இருந்த ஆறு வருஷத்தில் அவள் என்னை ஒவ்வொரு நாளும் நினைத்திருப்பாள். மன்னித்த பிறகு நினைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. அந்தக் கணக்கையும் உங்கள் பேரில்தான் எழுதியிருக்கிறேன்.

நான் பழிவாங்காமல் இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போய் ஒரு சாக்குக் கொடி கொண்டுவந்தேன். மேட்டில் நட்டேன், பிடித்துவிட்டது. முன்பெல்லாம் உங்கள் முற்றத்தை நோக்கி ஓடுகிற கொடியை எடுத்து என் பக்கம் திருப்பிவிடுவேன், உங்களுக்குப் பிடிக்காதே என்று. இப்போது திருப்புவதில்லை. நீங்கள் ஈர்க்குமாறு எடுக்கிற அதே ஆறு மணிக்கு, கிள்ளிய கொடியும் கையுமாகப் படியேறிப் போய், உங்கள் வழுவழு முற்றத்தில் ஒரு சாணுக்கு ஒன்றாகப் படுக்க வைத்து அமுக்குகிறேன். யாரிடமும் ஹலால் கேட்கவில்லை. உங்கள் மருமகளுக்குப் பெருக்குகிற பழக்கம் இல்லை. “சாச்சி, வடிவா ஈக்கி” என்கிறாள். வாசற்படியின் அத்திவாரக் கல் மூடிப்போனது. நீங்கள் நாற்பது வருஷம் தேய்த்த மண்ணில் ஒரு உள்ளங்கை அளவுகூட இப்போது வெளியே தெரியவில்லை. விடிந்தால் முழுக்கப் பூ. வந்து பாருங்கள். முடிந்தால் பெருக்குங்கள்.

போன கிழமை உங்கள் மகன் மறுபடி வந்தான். இந்தமுறை உட்கார்ந்தான்.

“உம்மா கனவுல வாரா சாச்சி. ஒண்டும் செல்லாம நிக்கிறா.”

“நிக்கட்டும்” என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வந்தது, அவன்மேல்தான். “ஏன் சாச்சி இப்பிடி இறுக்கிப் புடிச்சீக்கிறீங்க? ஒரு சொல்லுத்தானே. இத வெச்சிக்கிட்டு நீங்க என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்டான். பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். தேத்தண்ணி ஆறிப்போனது, அவன் குடிக்காமலே போய்விட்டான். அவனிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

மறுமை நாளைப் பற்றி ஹஸ்ரத்மார் பயான் பிரசங்கத்தில் சொல்லி நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறோம். செத்தவர்களையெல்லாம் எழுப்பி நிறுத்துகிற அந்த மைதானத்தில் உம்மா பிள்ளையைப் பார்க்கமாட்டாள், புருஷன் பெண்சாதியைப் பார்க்கமாட்டான், அவரவருக்கு அவரவர் பாடு. ஆனால் மனிதருக்கு மனிதர் செய்த குறையை அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான், குறைப்பட்டவர்தான் மன்னிக்க வேண்டும். அன்றைக்கு என்னை யார் தேடுவார்கள், ராத்தா? எனக்குப் பிள்ளையில்லை. என் மனிசனுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை, அவர் பாட்டுக்குப் போய்விடுவார். பரீதா ஹலாலாக்கிவிட்டாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். உங்களையும் நான் இன்றைக்கே விட்டுவிட்டால், ஐந்து நேரமும் தொழுதவர், ஒரு நோன்பு விடாதவர், நீங்களும் நேரே நடந்து போய்விடுவீர்கள்.

அப்படி விடமாட்டேன். நீங்கள் என்னைத் தேட வேண்டும். அத்தனை கோடிப் பேருக்கு நடுவில் வேர்த்து விறுவிறுத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கீழ்வீட்டுக்காரி எங்கே, கீழ்வீட்டுக்காரி எங்கே என்று கேட்டுக்கொண்டு வரவேண்டும். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பேன், எழும்பமாட்டேன். என்னைக் கண்டதும் “புள்ள” என்பீர்கள். மகனை அனுப்ப முடியாது, வாயைத் திறந்து நீங்களே சொல்ல வேண்டும், அந்த மேடு எப்படிக் கருகியது என்று, என் கண்ணைப் பார்த்து. சொல்லி முடித்த பிறகு, தருவதா இல்லையா என்று நான் யோசிப்பேன். அவசரப்படமாட்டேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருங்கள்.